கண்ணை நம்பாத மனிதர்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நான் ஏழாம் வகுப்புப் படித்தபோது என் பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். கணக்கில் புலி. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒரு நாள் டிராயிங் வாத்தியார் எங்கள் எல்லோரையும் கிளி வரைந்து வர்ணம் தீட்டச் சொன்னார். அவன் வரைந்த கிளியைப் போல வகுப்பில் வேறு எவனும் வரையவில்லை. கழுத்தைச் சற்றே சாய்த்துக்கொண்டு, இதோ பேசிவிடப் போகிறது என்று சொல்லும்படி உட்கார்ந்திருந்தது அந்தக் கிளி. ஆனால் அதன் உடம்பு முழுவதும் காவி நிறம்! மூக்கு மட்டும் கரும்பச்சை!

வாத்தியார் படத்தைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். "என்னடா, கேலியா செய்கிறாய்?" என்று காதைப் பிடித்துத் திருகினார். "இல்லை ஸார், கிளி இப்படித்தான் ஸார் இருக்கிறது" என்றான் அவன். அப்படிச் சொன்னதற்காக மேலும் இரண்டு பூசை கிடைத்தது. அன்று முதல் அவனுக்குக் 'காவிக்கிளி' என்று பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயரைச் சூட்டியவன் நான்தான். அன்றைக்கு அது எனக்குப் பெருமையாகவே இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பல வருஷங்களுக்குப் பிறகு அவன் ரயில் ஓட்டும் உத்தியோகத்துக்கு மனுப் போட்டான். பரீட்சையில் முதலாவதாகத் தேறினான். கடைசியில் டாக்டர் பரிசோதனை. டாக்டர் ஒரு புத்தகத்தைத் திறந்து, "இந்தப் பக்கத்தில் என்ன எண் தெரிகிறது?" என்று கேட்டாராம். "எண் ஒன்றும் இல்லையே, வெறும் புள்ளிகள்தாமே இருக்கின்றன?" என்றானாம் இவன். டாக்டர் புத்தகத்தை மூடிவிட்டார். உத்தியோகமும் அத்துடன் மூடிக்கொண்டது. ஊருக்குத் திரும்பி வந்து மாமாவின் பாத்திரக் கடையில் உட்கார்ந்தவன்தான். "பாத்திரத்துக்குக் கனம் இருந்தால் போதும், நிறம் யாருக்கு வேண்டும்?" என்று சிரித்துக்கொண்டே சொல்வான். அந்தச் சிரிப்பை நான் வெகு காலம் சரியாகப் படிக்கத் தெரியாதவனாக இருந்தேன்.

அதைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் ஜான் டால்டன் என்கிற இங்கிலீஷ்காரர். ரசாயனம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். உலகத்துப் பொருள்களெல்லாம் அணுக்களால் ஆனவை, ஒவ்வொரு மூலகத்தின் அணுவுக்கும் தனி எடை உண்டு என்று கணக்குப் போட்டுக் காட்டிய மகான் அவர். அணுவைப் பற்றி அவர் சொன்னதைப் பாடப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். நான் சொல்லப் போவது அவருடைய கண்களைப் பற்றி.

டால்டன் 1766-ஆம் வருஷம் இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், கம்பர்லாந்து ஜில்லாவில் உள்ள ஈகிள்ஸ்ஃபீல்ட் என்ற கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் கைத்தறி நெசவாளி. குடும்பத்தார் குவேக்கர்கள்; அதாவது ஆடம்பரம் கூடாது, பகட்டான நிறங்களில் உடுத்தக் கூடாது என்று கட்டுப்பாடாக வாழ்ந்த கிறிஸ்தவப் பிரிவினர். பன்னிரண்டு வயதில், மற்றப் பையன்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பருவத்தில், டால்டன் பள்ளிக்கூடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். பிறகு கெண்டால் என்ற ஊரில் ஆசிரியராக இருந்தபோது செடி கொடிகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினார். செடி சாஸ்திரம் படிக்கிறவன் பூவின் நிறத்தைக் கவனிக்காமல் இருக்க முடியுமா? அங்கேதான் தொல்லை ஆரம்பித்தது.

வெள்ளை, மஞ்சள், பச்சை என்று புத்தகத்தில் போட்டிருந்தால் அவருக்குக் குழப்பம் இல்லை. நீலம், ரோஜா, சிவப்பு என்று வரும்போது மட்டும் ஒன்றும் பிடிபடவில்லை. 'இந்த ஜனங்கள் நிறங்களுக்கு வாய்க்கு வந்தபடி பெயர் வைத்திருக்கிறார்கள்' என்று நினைத்துக்கொண்டார். "இந்தப் பூ நீலமா, ரோஜா நிறமா?" என்று யாரையாவது கேட்பாராம். மெய்யாகவே தெரியாமல் கேட்கிறார் என்று யாரும் நம்பவில்லை. வேடிக்கை செய்கிறார் என்றே எண்ணினார்கள். இந்த இடத்தைப் படித்தபோது எங்கள் டிராயிங் வாத்தியாரின் குரல் என் காதில் விழுந்தது.

1792-ஆம் வருஷம் இலையுதிர் காலத்தில் ஒரு நாள், ஜெரேனியம் பூ ஒன்றை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தற்செயலாகப் பார்த்தார். மற்றவர்கள் ரோஜா நிறம் என்று சொல்லும் பூ அது. பகல் வெளிச்சத்தில் அவருக்கு அது வானத்தைப் போல நீலமாகத் தெரியும். மெழுகுவர்த்தி வெளிச்சத்திலோ அதில் நீலம் கொஞ்சங்கூட இல்லை. சிவப்பு என்று அவர் சொல்லிவந்த நிறமாகிவிட்டது! ஆச்சரியம் தாங்காமல் நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். "பகலில் இருந்த மாதிரிதானே இருக்கிறது? இதிலே என்ன அதிசயம்?" என்றார்கள் எல்லோரும். ஒரே ஒருவர் மட்டும் டால்டன் சொன்னதை ஆமோதித்தார். அவர் டால்டனின் கூடப் பிறந்த அண்ணன்.

இந்த இடத்தில் வாசகர்கள் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். நீங்களும் நானுமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? பூவில் ஏதோ மாயம் என்றிருப்போம். மெழுகுவர்த்தியில் கோளாறு என்றிருப்போம். நண்பர்களுக்குப் பார்வை சரியில்லை என்று முடிவு கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போயிருப்போம். கண்ணால் கண்டதே மெய் என்பது நம்முடைய சித்தாந்தம் அல்லவா? அந்த இருபத்தாறு வயது இளைஞர் பூவைச் சந்தேகிக்கவில்லை, விளக்கைச் சந்தேகிக்கவில்லை. தம்முடைய கண்களையே சந்தேகித்தார்.

சந்தேகித்ததோடு நிற்கவில்லை. ஊர் அறியச் சொல்லவும் செய்தார். 1794-இல் மான்செஸ்டர் நகரத்து இலக்கிய தத்துவ சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவுடன் அவர் படித்த முதல் கட்டுரையே இதைப் பற்றியதுதான். சிவப்பு அரக்குக் குச்சிக்கும் லாரல் இலையின் மேற்பக்கத்துக்கும் தமக்கு வித்தியாசமே தெரியவில்லை என்று அதில் சொன்னார். ரத்தம் ஏறக்குறையப் பச்சைப் புட்டியின் நிறம் என்றார். ஆரோக்கியமான வெள்ளைக்காரப் பெண்ணின் சிவந்த கன்னம் எப்படித் தெரியும்? வெள்ளைக் காகிதத்தில் தண்ணீர் விட்ட மசியைப் பூசினாற்போல இருக்குமாம்! அவர் கடைசி வரையில் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று நான் சொல்ல வரவில்லை.

தம்மைப் போன்றவர்கள் வேறு யாராவது உண்டா என்றும் தேடினார். இருபத்தைந்து மாணவர்களுக்கு இந்த விஷயத்தை விளக்கியபோது இரண்டு பேர், "எங்களுக்கும் அப்படித்தான் தெரிகிறது" என்றார்களாம். பெண்களில் ஒருவர்கூட அகப்படவில்லை என்பதையும் மறக்காமல் குறித்து வைத்தார். அவருக்கு முன்பே, 1777-இல், ஜோசப் ஹடர்ட் என்ற கப்பல்காரர் அதே கம்பர்லாந்தைச் சேர்ந்த ஒரு செருப்புத் தைப்பவரைப் பற்றி எழுதியிருந்தார். அந்த மனிதர் குழந்தையாக இருந்தபோது, தெருவில் கிடந்த ஒரு காலுறையை எடுத்துப் போய்க் கொடுத்தாராம். எல்லோரும் "சிவப்புக் காலுறை, சிவப்புக் காலுறை" என்றார்கள். காலுறை என்று சொன்னால் போதுமே, எதற்காக இன்னொரு வார்த்தையையும் சேர்த்துச் சொல்கிறார்கள் என்று குழந்தைக்குப் புரியவில்லை. மற்றப் பிள்ளைகள் தூரத்திலிருந்தே செர்ரிப் பழங்களைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அவருக்கோ கிட்டே போனால்தான், பழத்தின் வடிவத்தைக் கொண்டு, இலை எது, பழம் எது என்று தெரியும்.

சரி, இதற்குக் காரணம் என்ன? டால்டன் ஒரு காரணம் சொன்னார். 'என் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீல நிறமாக இருக்க வேண்டும். நீலக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறவனுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது அல்லவா?' அழகான யோசனை. ஆனால் தப்பு! எப்படித் தப்பென்று சொல்வதற்கு முன், நம் கண் என்ன செய்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

கண்ணுக்குள் புகும் வெளிச்சம் பின்புறத்தில் இருக்கும் விழித்திரையில் போய் விழுகிறது. விழித்திரையில் இரண்டு ஜாதி உயிரணுக்கள் இருக்கின்றன. ஒன்று குச்சி போல இருக்கும். ஒவ்வொரு கண்ணிலும் சுமார் 12 கோடி. மற்றது கூம்பு போல இருக்கும். சுமார் 60 லட்சம். குச்சிகள் இரவுக் காவல்காரர்கள். அவற்றின் கூர்மையைச் சொல்லி முடியாது. ஒளியில் இதைவிடச் சிறிய பங்கு இல்லை என்கிற ஒரே ஒரு துகள் வந்து பட்டால்கூடக் குச்சிக்குத் தெரிந்துவிடும். நியூயார்க்கில் ஹெக்ட் என்பவரும் அவருடைய சகாக்களும் 1942-இல் இதைப் பரிசோதித்துக் காட்டினார்கள். குச்சிக்குள்ளே வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டாகும் ஒரு பொருள் வளைந்து உட்கார்ந்திருக்கிறது. ஒளித் துகள் பட்டதும் அது நிமிர்ந்துகொள்கிறது. அந்த நிமிர்தல்தான் 'வெளிச்சம் வந்தது' என்ற செய்தியின் முதல் எழுத்து. இந்த ரசாயனத்தை விளக்கிய ஜார்ஜ் வால்டுக்கு 1967-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆனால் குச்சிகளுக்கு நிறம் தெரியாது. நிலா வெளிச்சத்தில் பட்டுப் புடைவைகளெல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிவதற்கு அதுதான் காரணம்.

நிறம் பார்ப்பது கூம்புகளின் வேலை. அதிலும் ஒரு விசித்திரம். தனியாக ஒரு கூம்புக்கு நிறம் தெரியாது! அது கல்யாண மண்டபத்து வாசலில் நின்று வந்தவர்களை எண்ணுகிற ஆசாமி மாதிரி. "இத்தனை பேர் வந்தார்கள்" என்று சொல்லுமே தவிர, யார் யார் வந்தார்கள் என்று சொல்லாது. ஆனால் மண்டபத்துக்கு மூன்று வாசல்கள் இருந்து, பெண் வீட்டார் பெரும்பாலும் ஒரு வாசலிலும், பிள்ளை வீட்டார் இன்னொன்றிலும், ஊரார் மூன்றாவதிலும் நுழைகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று கணக்கையும் ஒப்பிட்டு, உள்ளே இருக்கிற கூட்டம் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடலாம் அல்லவா? மூளை செய்வது அந்தக் காரியந்தான். நெட்டை அலையை அதிகமாக ஏற்கும் கூம்பு, நடுத்தர அலையை ஏற்கும் கூம்பு, குட்டை அலையை ஏற்கும் கூம்பு என்று மூன்று வகை. சுருக்கமாகச் சிவப்பு, பச்சை, நீலம் என்று சொல்லலாம். மூன்றின் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்து, இது கிளிப்பச்சை, இது மாந்துளிர், இது அரக்கு என்று மூளை பெயர் சூட்டுகிறது.

விழித்திரையில் மூன்றே வகை உறுப்புகள்தாம் இருக்க வேண்டும் என்று முதலில் ஊகித்துச் சொன்னவர் தாமஸ் யங் என்ற ஆங்கில டாக்டர். சொன்னது 1801-இல். டால்டனுடைய கட்டுரையைப் படித்துவிட்டு, 'இவர் கண்ணில் நீலத் திரவமும் இல்லை, ஒன்றும் இல்லை. சிவப்புக்கு உரிய உறுப்புத்தான் இல்லை' என்று 1807-இல் எழுதினார். டால்டன் தம் கட்சியை விடவில்லை. தர்க்கம் செய்து தீராத வழக்கு இது. கண்ணைத் திறந்து பார்த்தால்தான் தீரும். உயிரோடு இருக்கும் மனிதனின் கண்ணை எப்படித் திறப்பது?

இதற்கிடையில் டால்டன் பெரும் புகழ் அடைந்துவிட்டார். 1834-இல் அரசர் நான்காவது வில்லியமின் சபைக்கு அவரை அழைத்துப் போக நண்பர்கள் ஏற்பாடு செய்தார்கள். அரச சபைக்கு உரிய உடுப்பில் இடுப்பில் வாள் தொங்க வேண்டும். குவேக்கர்கள் வாளைத் தொடமாட்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டு சர்வகலாசாலை அவருக்கு அளித்திருந்த டாக்டர் பட்டத்துக்கு உரிய அங்கியைப் போட்டுக்கொள்ளலாம் என்றால், அது கண்ணைப் பறிக்கும் சிவப்பு! குவேக்கர் அதையும் உடுத்தக் கூடாது. கணக்கு யந்திரம் செய்ய முயன்று பேர் பெற்ற சார்லஸ் பாபேஜ்தான் இந்தச் சிக்கல் அவிழ்ந்த கதையை எழுதி வைத்திருக்கிறார். மற்றவர்களுக்குச் செக்கச் செவேல் என்றிருந்த அங்கி டால்டனுக்குச் சேற்று நிறமாகத் தெரிந்தது. அவர் மனச்சாட்சிக்கு ஒரு பங்கமும் இல்லாமல் அதைப் போட்டுக்கொண்டு அரசரைப் பார்த்துவிட்டு வந்தார்.

தாம் இறந்த பிறகு கண்களை எடுத்துச் சோதித்து, தம் கட்சி மெய்யா பொய்யா என்று பார்த்துவிட வேண்டும் என்று அவர் சொல்லி வைத்திருந்தார். 1844 ஜூலை 27-ஆம் தேதி காலமானார். மறு நாளே அவருடைய வைத்தியர் ஜோசப் ரான்சம் அந்தக் காரியத்தைச் செய்தார். ஒரு கண்ணின் திரவத்தைக் கடிகாரக் கண்ணாடியில் ஊற்றிப் பார்த்தார். ஊற்று ஜலம் போலத் தெளிவாக இருந்தது. நீலம் மருந்துக்குக்கூட இல்லை! இன்னொரு கண்ணின் பின்புறத்தில் சிறு துண்டை வெட்டி எடுத்துவிட்டு, அந்தக் கண் வழியாகவே சிவப்பையும் பச்சையையும் பார்த்தார். சிவப்பு சிவப்பாகவும் பச்சை பச்சையாகவும் தெரிந்தன.

ஐம்பது வருஷமாக நம்பிவந்த கொள்கை ஒரே நாளில் பொய்யாகிவிட்டது. அந்தப் பொய்யை வெளிப்படுத்தும் சாட்சியத்தைக் கொடுத்தவர் வேறு யாரும் அல்ல, கொள்கைக்கு உரியவரே. மான்செஸ்டர் நகரம் அவருக்குச் செய்த இறுதி மரியாதை அரசர்களுக்குச் செய்வது போல இருந்தது. நாற்பதினாயிரம் பேர் வரிசையில் வந்து அஞ்சலி செய்தார்கள். சுருங்கி உலர்ந்துபோன அந்தக் கண்களை யாரோ புண்ணியவான்கள் எறியாமல் பத்திரப்படுத்தி வைத்தார்கள்.

வைத்தது வீண்போகவில்லை. சிவப்புக் கூம்புக்கும் பச்சைக் கூம்புக்கும் உரிய மரபணுக்கள் இன்னவை என்று 1986-இல் அமெரிக்காவில் ஜெரமி நாதன்ஸும் சகாக்களும் கண்டுபிடித்தார்கள். இரண்டும் அக்காள் தங்கை போல ஒரே சாயல். எக்ஸ் என்ற குரோமோசோமில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். அதில் குறை இருந்தால் ஈடு செய்ய மற்றொன்று இல்லை. பெண்ணுக்கு இரண்டு, ஒன்று தவறினாலும் இன்னொன்று காப்பாற்றும். ஐரோப்பிய வம்சத்தில் ஆண்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு இந்தக் குறை இருக்கிறது. பெண்களில் இருநூறு பேருக்கு ஒருவருக்குத்தான். பெண்களில் ஒருவர்கூட அகப்படவில்லை என்று டால்டன் குறித்து வைத்ததன் ரகசியம் இதுதான்.

பிறகு லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் இருந்த விஞ்ஞானிகள் சிலர், டால்டனின் கண்ணிலிருந்து ஒரு துளித் திசுவை எடுத்து மரபணுவைச் சோதித்தார்கள். 1995-இல் முடிவை வெளியிட்டார்கள். பச்சைக் கூம்புக்கு உரிய மரபணு அதில் இல்லை! யங் சொன்னது போல ஓர் உறுப்பு குறைந்தது மெய். ஆனால் அது சிவப்பு அல்ல, பச்சை. வாதி, பிரதிவாதி இருவருமே தோற்ற வழக்கு இது. தீர்ப்புச் சொன்னது, செத்து நூற்றைம்பத்தோரு வருஷம் ஆன ஒரு கண்.

ஜெரேனியம் பூவின் மாயமும் விளங்கிவிட்டது. அந்தப் பூ சிவப்பு அலைகளோடு நீல அலைகளையும் திருப்பி அனுப்புகிறது. சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாத கண்ணில் பகலில் நீலமே மேலோங்கி நிற்கும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நீலம் மிகக் குறைவு. ஆகையால் பூவிலும் நீலம் மறைந்துவிடும். டால்டன் கண்டதில் பிசகு இல்லை. சொன்ன காரணத்தில்தான் பிசகு.

என் நண்பனின் உத்தியோகத்தைப் பறித்த புத்தகத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1875 நவம்பரில் ஸ்வீடன் தேசத்தில் லாகெர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதி ஒன்பது பேர் மாண்டார்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாதவனால் நேர்ந்திருக்கலாம் என்று ஹோல்ம்கிரென் என்ற பேராசிரியர் சந்தேகப்பட்டார். கம்பளி நூல்களைக் குவித்து வைத்து, ஒரே நிறத்து நூல்களைப் பொறுக்கச் சொல்லி ரயில்வே ஊழியர்களைச் சோதித்தார். அந்த விபத்துக்கு நிறக்குருடுதான் காரணம் என்று இன்று வரை நிரூபணமாகவில்லை. ஆனால் சோதனை உலகமெங்கும் பரவிவிட்டது. புள்ளிப் புத்தகம் ஜப்பானிய டாக்டர் ஷினோபு இஷிஹாரா 1917-இல் வெளியிட்டது. சோதனை கூடாது என்று நான் சொல்லவில்லை. நான் ஏறுகிற ரயிலை ஓட்டுகிறவருக்குச் சிவப்பு விளக்கு சிவப்பாகத் தெரிய வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன்.

ஆனால் 'சரியான கண்' என்று நாம் மார்தட்டிக்கொள்வதற்கு என்ன இருக்கிறது? பறவைகளுக்கு நாலு வகைக் கூம்புகள் உண்டு. நம் கண்ணுக்கு அகப்படாத நிறங்கள் அவற்றுக்குத் தெரியும். கிளியின் அபிப்பிராயத்தைக் கேட்டிருந்தால், டிராயிங் வாத்தியாரின் பச்சைக் கிளியும் அரைகுறைதான். அவருக்கும் இரண்டு பூசை கிடைத்திருக்கும்!

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது பாத்திரக் கடையில் நண்பனைப் பார்த்து டால்டன் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"உன் கதைகளில் கதாநாயகி பக்கத்துக்கு ஒரு தரம் முகம் சிவக்கிறாளே, எனக்கு யார் முகமும் சிவந்து தெரிந்ததில்லை. நீ எழுதியிருக்கிறாயே, பொய்யா சொல்லப் போகிறாய் என்று நம்பிப் படித்துக்கொண்டு போகிறேன்" என்றான்.

எனக்கு வெட்கமாகப் போயிற்று. அறுபது வருஷமாகத் தொண்டையில் நின்றதை அப்போதுதான் சொன்னேன்: "காவிக்கிளி என்று பெயர் வைத்தது நான்தானடா."

"தெரியுமே! பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நீதானே?" என்று சிரித்தான். பிறகு ஒரு குடத்தை எடுத்துத் துடைத்துக்கொண்டே கேட்டான்: "அது கிடக்கட்டும். நிறத்தை விட்டுவிடு. கிளி நன்றாக இருந்ததா?"

"வகுப்பிலேயே அதுதான் நல்ல கிளி" என்றேன்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. குடத்தை மட்டும் வெகு நேரம் துடைத்துக்கொண்டிருந்தான்.